காக்காய் வலிப்பும் நாடாப்புழுவும்

பெடாஸ் வட்டாரத் தோட்டங்களிலே ஒருவருக்குக் காக்காய் வலிப்புக் கண்டால், கையில் இரும்பைத் திணிப்பதும், முனி அடித்துவிட்டதென்று பூசாரியிடம் ஓடுவதும் நம்மவரிடை நெடுங்கால வழக்கம். அஃது இன்னும் அடியோடு ஒழிந்தபாடில்லை. வலிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் மக்களைப் பெரிதும் பற்றிய ஒன்றன் வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

1888ஆம் ஆண்டிலே சென்னையில் கூலியாள் ஒருவர் வலிப்பால் மாண்டார். பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமாகிய நீர்க்கட்டிகள் அவருடலில் இருந்தமையை ஆர்ம்ஸ்ட்ராங் என்பார் எழுதி வைத்தார். இந்தியாவில் இந்நோய் பற்றிய முதற் குறிப்பு இதுவே. எனினும் பெருங்கவனம் பிறந்தது வெள்ளைச் சிப்பாய்கள் வீழ்ந்த பிறகே! இந்தியாவில் ஊழியம் புரிந்து தாய்நாடு திரும்பிய சிப்பாய்கள் பலர் வலிப்புக்கு ஆளாயினர். காரணம் இப்புழுவே என்று 1930களில் மக்கார்தர் என்னும் இராணுவ வைத்தியர் காட்டினார். 1961இல் டிக்சன், லிப்ஸ்கோம் இருவரும் 450 நோயாளரை ஆராய்ந்து நூல் வெளியிட்டனர். நம் முச்சந்தி முனியா கப்பலேறி இங்கிலாந்து சென்றது?

புழு மூளையை அடையும் வழி யாதெனில்: சரிவர வேகாத பன்றியிறைச்சியை உண்பவர் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டைகள் அவர் மலத்தோடு வெளிப்பட்டு, கழுவாத கையாலும் நீராலும் காய்கறியாலும் பிறர் வயிற்றுள் புகுந்து, குருதி வழியே மூளையில் கட்டியாகின்றன. ஆகவே புலால் உண்ணாதாரும் தப்புவதில்லை. ஆசாரம் பேசி ஒதுங்கி நிற்பாரைப் புழு ஒதுக்குவதில்லை!

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மாத்யு சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர், ஸ்கேன் படத்திலே காசநோய்க் கட்டியென்று கருதப்பட்ட சிறு கட்டிகள் பல இப்புழுவின் கட்டிகளே என்று 1990களின் தொடக்கத்தில் நிறுவினர். 2006இல் வெளியான அவர்கள் கல்லூரியின் ஆய்வு, வேலூர்ப் பகுதியில் வலிப்புடையாருள் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு இந்நோய் இருந்தமையைக் காட்டிற்று.

ஒழிக்க இயலாத நோயா இது? அன்று. பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் மக்களுக்கும் பன்றிகளுக்கும் மருந்தளித்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் இட்டதால், 107 கிராமங்களுள் 105இல் தொற்று அற்றதென 2016இல் அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் ஆற்றோர ஈக்களால் பரவிக் கண்ணைக் குருடாக்கும் வேறொரு புழுநோயும் வலிப்போடு தொடர்புடையதென்பர். அதனையும் நைஜர் நாடு ஒழித்ததாக 2025இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி கூறிற்று.

தோட்டப்புறத்துத் தோழர்களே! வலிப்புக் கண்டவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; வாயில் எதையும் திணியாதீர்; வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பரிகாரத்துக்குச் செலவிடும் காசு நல்ல கக்கூசுக்கும் சோப்புக்கும் செல்லட்டும். முனிக்கு அஞ்சிய காலம் போதும்.