விளையாடுவது பிள்ளை, திரையில் ஓடும் படம் யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓ/எல், ஏ/எல் வகுப்புகளில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் நேரம் ஒதுக்கி வாசித்தால் சந்தோசம்.

"சேர், மகன் கேம் விளையாடுறத வீடியோ எடுத்து யூடியூப்ல போடுறான். அதுக்குக் காசும் வருமாம். இது சட்டப்படி சரியா?" இந்தக் கேள்வி ஆசிரியர்களான எமக்கு இப்போது பழகிப்போன ஒன்று. ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. காரணம் விளங்க வேண்டுமானால் யூடியூப் பிறப்பதற்கு முன்னிருந்தே இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடைகளில் நாணயம் போட்டு விளையாடும் வீடியோ கேம் இயந்திரங்கள் பரவியிருந்தன. ஜப்பானின் கொனாமி நிறுவனம் செய்த 'ஸ்க்ராம்பிள்' என்ற கேமை அங்கே விற்கும் உரிமை ஸ்டேர்ன் நிறுவனத்திடம் இருந்தது. அதே மாதிரி ஒரு கேமை வேறொருவர் செய்து விற்க, வழக்கு நீதிமன்றம் போனது. எதிராளி ஒரு கெட்டிக்கார வாதத்தை வைத்தார்: "ஒவ்வொருவர் விளையாடும்போதும் திரையில் வேறு வேறு காட்சிதானே வருகிறது? நிலையான படைப்பு என்று ஒன்றே இல்லையே, பிறகு எதற்குப் பதிப்புரிமை?"

1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யார் விளையாடினாலும் பெரும்பாலான காட்சிகளும் ஒலிகளும் திரும்பத் திரும்ப அதேபோல்தான் வருகின்றன, ஆகவே அது பாதுகாக்கப்பட்ட படைப்புத்தான் என்றது. அடுத்த வருடம், 1983இல், 'பேக்மேன்', 'கெலக்சியன்' கேம்கள் சம்பந்தப்பட்ட மிட்வே வழக்கில் இன்னொரு நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. விளையாடுபவர் கதை எழுதுபவரைப் போன்றவர் அல்ல, தொலைக்காட்சியில் சனல் மாற்றுபவருக்கே அவர் நெருக்கமானவர் என்பது அதன் கருத்து.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் மனதில் வையுங்கள். எவ்வளவு திறமையாக விளையாடினாலும் திரையில் ஓடும் படம் கேமைச் செய்தவருக்குரியது என்ற எண்ணம் வேர் விட்டது இங்கேதான்.

2005இல் யூடியூப் வந்தது. 2006இல் கூகுள் அதை 165 கோடி டொலருக்கு வாங்கியது. 2007இல் விளம்பர வருமானத்தை வீடியோ போடுபவருடன் பகிரும் திட்டம் தொடங்கியது. அதே வருடம் பதிப்புரிமைப் பொருளைத் தானாகக் கண்டுபிடிக்கும் 'கொன்டென்ட் ஐடி' என்ற முறையும் வந்தது. உழைக்கும் வழியும் அதை மறிக்கும் வழியும் ஏறத்தாழ ஒன்றாகவே பிறந்தன.

அந்தக் காலத்தில் 'லெட்ஸ் பிளே' என்ற ஒரு வகை வீடியோ பிரபலமாகியது. கேமை விளையாடிக்கொண்டே சிரித்து, பயந்து, கதைத்து, பார்ப்பவரையும் கூடவே அழைத்துச் செல்வது. 2013இல் யூடியூபிலேயே அதிக சந்தாதாரர்களைக் கொண்ட சனலாக வந்த 'பியூடிபை'யும் இப்படிக் கேம் விளையாடி வளர்ந்ததுதான்.

அதே 2013 மே மாதம் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம், தனது கேம் காட்சிகள் வரும் பல வீடியோக்களின் விளம்பர வருமானத்தைக் கொன்டென்ட் ஐடி மூலம் தன் பக்கம் எடுத்தது. வீடியோ அழியவில்லை. ஆனால் காசு நிறுவனத்துக்குப் போனது. இரவிரவாக எடிட் செய்தவர்களுக்கு அது பெரிய அடி. 2015இல் நிண்டெண்டோ ஒரு பங்குத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது: தனி வீடியோவுக்கு விளம்பர வருமானத்தில் 60 வீதம், சனல் முழுவதையும் பதிந்தால் 70 வீதம். 2018 முடிவில் அதையும் நிறுத்தி, சொந்தக் கருத்தும் ஆக்கமும் சேர்த்துப் போட்டால் யூடியூப் போன்றவற்றின் திட்டங்கள் வழியாக உழைக்கலாம் என்று பொது விதி வெளியிட்டது.

இதற்கு நேர் எதிராக, 'மைன்கிராஃப்ட்' கேமைச் செய்த சுவீடனின் மொஜாங் நிறுவனம் தொடக்க காலத்திலேயே வீடியோ போட்டு உழைக்க இடம் கொடுத்தது. அந்த வீடியோக்களே அதற்கு இலவச விளம்பரம் ஆகின. 2014இல் மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை 250 கோடி டொலருக்கு வாங்கியது. பல நிறுவனங்கள் பின்னர் கையைத் தளர்த்தியதற்குப் பெருந்தன்மை மட்டும் காரணமல்ல, இந்தக் கணக்கும் அவர்களுக்கு விளங்கியிருந்தது.

ஆனால் அனுமதி வேறு, உரிமை வேறு. 2017 செப்டெம்பரில் பியூடிபை ஒரு நேரலையில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைப் பாவித்தார். 'ஃபயர்வோட்ச்' கேமைச் செய்த கம்போ சன்டோ நிறுவனம் அதனால் கோபமடைந்து, தமது கேம் வந்த அவருடைய வீடியோவைப் பதிப்புரிமை முறைப்பாடு மூலம் நீக்க வைத்தது. யார் வேண்டுமானாலும் வீடியோ போடலாம் என்று முன்னர் சொல்லியிருந்த நிறுவனம்தான் அது. கோடிக்கணக்கான சந்தாதாரர்கள் இருந்தும் அவரால் அதைத் தடுக்க முடியவில்லை.

ஜப்பானில் விடயம் இன்னும் கடுமையாகப் போனது. 'ஸ்டைன்ஸ் கேட்' தொடரின் ஒரு கேம், வாசிக்கும் நாவலைப் போன்றது. கதையின் முடிவு தெரிந்துவிட்டால் வாங்குவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதை முடிவுவரை யூடியூபில் போட்டு விளம்பரக் காசு எடுத்த ஒருவர் 2023 மே மாதம் கைதானார். செப்டெம்பரில் சென்டாய் மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 2 வருடச் சிறைத்தண்டனையை 5 வருடங்களுக்கு ஒத்திவைத்து, 10 இலட்சம் யென் தண்டமும் விதித்தது. கேம் விளையாட்டு வீடியோவுக்காக அந்நாட்டில் ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்ட முதல் வழக்கு அது.

எமது நாட்டில் என்ன நிலை? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இங்கும் பதிப்புரிமையைப் பாதுகாக்கிறது. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு 'நியாயமான பாவனை' என்று 11ஆம் பிரிவில் இடம் விட்டிருக்கிறது. ஆனால் பாவனையின் நோக்கம் என்ன, வியாபாரமா, எவ்வளவு எடுத்தோம், மூலப் படைப்பின் சந்தை பாதிக்கப்படுமா என்பவையும் பார்க்கப்படும். ஒரு கேமை முழுமையாக, வாய் திறக்காமல் ஓடவிட்டுக் காசு எடுப்பவர் இந்தப் பிரிவின் நிழலில் நிற்பது கடினம்.

இந்த 40 வருடக் கதையிலிருந்து நாம் விளங்குவது இதுதான்: காட்சி அவர்களுடையது, குரலும் கருத்தும் மட்டுமே பிள்ளையுடையது. பிள்ளையின் வருமானம் நிலைக்க வேண்டுமானால் அந்தப் பங்கு கூட வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்குச் சில விடயங்கள்:

1. கேமைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் வீடியோ பற்றிய விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் விதியும் வேறு. விதி மாறவும் கூடும்.

2. வெறுமனே நீண்ட நேரம் கேம் ஓடும் வீடியோவை யூடியூப் வருமானத்துக்கு ஏற்காமல் விடலாம். விளக்கமோ கருத்துரையோ அவசியம். தமிழில் நன்றாக விளங்கப்படுத்தத் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு வாய்ப்பும் கூட.

3. கேமுக்குள் வரும் பாட்டுக்குத் தனி உரிமையாளர் இருப்பார். கேம் நிறுவனம் அனுமதித்தாலும் பாட்டு நிறுவனம் உரிமை கோரலாம். சில கேம்களில் அந்தப் பாட்டுகளை நிறுத்தும் வசதி உண்டு.

4. உரிமை கோரல் வந்தால் பெரும்பாலும் வருமானம்தான் போகும். 'ஸ்ட்ரைக்' அப்படியல்ல. 90 நாட்களுக்குள் 3 ஸ்ட்ரைக் விழுந்தால் சனலே போய்விடலாம்.

5. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பெயரில் காசு பெறும் அட்சென்ஸ் கணக்கைத் திறக்க முடியாது. வாப்பாவின் அல்லது உம்மாவின் கணக்குத்தான் பாவிக்கப்படும். அப்படியானால் நிபந்தனைகளுக்குச் சம்மதம் கொடுப்பவர் நீங்கள்தான். வாசிக்காமல் 'சம்மதம்' அழுத்த வேண்டாம்.

பிள்ளையைத் தடுக்கச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. படம் எடுப்பது, எடிட் செய்வது, ஆட்கள் முன் கூச்சமின்றிக் கதைப்பது எல்லாம் நாளைக்குத் தொழிலாகக்கூடிய திறமைகள். இரண்டு வருட உழைப்பு ஒரே இரவில் அழிந்த பிறகு சட்டத்தைத் தேடுவதைவிட, முதல் வீடியோவைத் தரவேற்றும் முன்னரே பிள்ளையுடன் அரை மணிநேரம் இருந்து அந்த விதிகளை வாசிப்பது நல்லது. ஆங்கிலம் விளங்காவிட்டால் பாடசாலைக்கு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.