கத்திமுனைக்கு ஆடை காவலாகுமா?

டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் அமைந்துள்ள ஹோர்சன்ஸ் நகரத்திற்குக் கத்தியோடு இரண்டு வகையில் தொடர்பு உண்டு.

முதலாவது அங்கிருந்த அரசுச் சிறைச்சாலை. 1853 ஆம் ஆண்டு முதல் 2006 ஆம் ஆண்டு வரை இயங்கிய அந்தச் சிறை இன்று அருங்காட்சியகமாகவும் இசை நிகழ்ச்சிகள் நடைபெறும் இடமாகவும் மாறியுள்ளது. கைதிகள் நகருக்கு வெளியே கட்டப்பட்ட புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். இரண்டாவது, டேனிஷ் கிரவுன் நிறுவனத்தின் பன்றி இறைச்சி ஆலை. 2000களின் நடுப்பகுதியில் திறக்கப்பட்ட இவ்வாலை உலகின் மிகப் பெரிய இறைச்சி ஆலைகளுள் ஒன்று. இங்கு கூரிய கத்தி என்பது தொழிலாளர்கள் நாள் முழுவதும் கையாளும் கருவி.

சிறையும் இறைச்சி ஆலையும் கத்தியிலிருந்து உடலைக் காப்பதற்கான ஆடைகள் தனித்தனி வழிகளில் வளர்ந்த இரு களங்கள். ஐரோப்பிய நகரங்களில் கத்திக்குத்துச் சம்பவங்கள் குறித்த அச்சம் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிடமும் காணப்படும் நிலையில், அன்றாடம் அணியும் ஆடை ஒருவரை எந்த அளவுக்குக் காக்கும் என்ற கேள்விக்கு இவ்விரு களங்களின் அனுபவமும் விடை தருகிறது.

முனையே முதன்மை

கத்திக்குத்தின் இயக்கவியல் குறித்து முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, பிரிட்டனைச் சேர்ந்த தடயவியல் மருத்துவர் பெர்னார்ட் நைட். கத்தி உடலுக்குள் இறங்குமா என்பதைத் தீர்மானிப்பதில் மிக முக்கியமானது அதன் முனையின் கூர்மையே என்று 1975 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் அவர் காட்டினார்.

எலும்பை விட்டுவிட்டால், உடலில் கத்திக்கு அதிக எதிர்ப்பைத் தருவது தோல்தான். தோலைக் கடந்த பிறகு உள்ளிருக்கும் தசையும் உறுப்புகளும் பெரிய தடையாவதில்லை. அதற்குமேல் கத்தியைச் செலுத்தப் பெரும் பலமும் தேவைப்படுவதில்லை. ஆழமான காயம் என்பதாலேயே தாக்கியவர் பெரும் வலுவுடன் குத்தினார் என்று முடிவு செய்துவிட முடியாது என்று தடயவியல் வல்லுநர்கள் கூறுவதற்கு இதுவே காரணம்.

ஆடையின் பங்கும் இந்த இடத்தில்தான் வருகிறது. தோலுக்கு முன்பாக முனையைச் சந்திப்பது ஆடை. அது முனையின் வேகத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டாலோ, முனையை மழுங்கச் செய்தாலோ, சற்றே திசை திருப்பினாலோ காயத்தின் ஆழம் குறையக்கூடும். ஆனால் அது நிகழுமா என்பது துணியின் இழை, நெசவின் நெருக்கம், அடுக்குகளின் எண்ணிக்கை, கத்தியின் வகை ஆகிய அனைத்தையும் பொறுத்தது.

கீறலும் குத்தும்

கத்தியால் விளையும் காயங்கள் பொதுவாக இருவகை. கத்தியின் விளிம்பு உடலின் மீது இழுக்கப்படும்போது ஏற்படுவது வெட்டுக்காயம். முனை உடலுக்குள் நேராகச் செலுத்தப்படும்போது ஏற்படுவது குத்துக்காயம்.

வெட்டு விஷயத்தில் அன்றாட ஆடை ஓரளவு உதவுகிறது. தடித்த ஜீன்ஸ் துணி, தோலாலான மேலங்கி, கம்பளிக் கோட்டு, அவற்றின் கீழே அணியும் கம்பளிச் சட்டை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது கத்தியின் விளிம்பு தோலை எட்டுவதற்குள் அதன் ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. டென்மார்க் குளிர்காலத்தில் ஒருவர் அணியும் மூன்று நான்கு அடுக்கு ஆடைக்கும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அணியும் மெல்லிய பருத்திச் சட்டைக்கும் இடையே இவ்வகையில் பெரிய வேறுபாடு உண்டு.

குத்து விஷயத்தில் நிலைமை வேறு. துணி என்பது நூல்களின் வலைப்பின்னல். கூரிய முனை நூல்களை அறுக்க வேண்டிய தேவைகூட இல்லை. அவற்றை விலக்கிக்கொண்டு இடையே நுழைந்துவிடும். தடித்த ஆடை குத்துவதற்குத் தேவையான பலத்தை அதிகரிக்கச் செய்யும். ஆனால் கோபத்தில் ஓங்கிக் குத்தும் ஒருவரின் கைக்கு அந்தக் கூடுதல் பலம் எளிதில் கிடைத்துவிடும்.

குண்டைத் தடுப்பது கத்தியைத் தடுக்குமா?

துப்பாக்கிக் குண்டையே தடுக்கும் அங்கி கத்தியையும் தடுத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறானது.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஸ்டெபனி குவோலெக் 1965 ஆம் ஆண்டு கண்டறிந்த இழையே பின்னர் கெவ்லார் என்ற பெயரில் புகழ்பெற்றது. கெவ்லார் துணியின் பல அடுக்குகள் குண்டை ஒரு வலையைப் போலப் பிடித்து, அதன் ஆற்றலைப் பரந்த பரப்பில் சிதறடிக்கின்றன. குண்டின் முனை மொட்டையானது. அது மோதும்போது தட்டையாகவும் ஆகிவிடுகிறது. கத்தியின் முனையோ கூர்மை மாறாமல், மிகச் சிறிய ஒரு புள்ளியில் முழு ஆற்றலையும் செலுத்துகிறது. ஆகவே குண்டுக்காக மட்டும் வடிவமைக்கப்பட்ட அங்கியைக் கத்தி ஊடுருவ முடியும்.

இதனால் கத்திக்குத்தைத் தடுக்கும் அங்கிகள் வேறு முறைகளில் தயாரிக்கப்படுகின்றன. மிக நெருக்கமாக நெய்த துணி, பிசின் பூசிய அடுக்குகள், மெல்லிய உலோகத் தகடுகள், உருக்கு வளையப் பின்னல் ஆகியவை அவற்றில் பயன்படுகின்றன. அதிர்ச்சி ஏற்பட்டவுடன் இறுகும் தன்மையுள்ள திரவத்தில் கெவ்லார் துணியைத் தோய்த்தால் ஊசி போன்ற முனைகளுக்கு எதிரான அதன் தடுப்புத் திறன் கூடுகிறது என்பதை அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நாட்டு இராணுவ ஆய்வகத்துடன் இணைந்து 2000களில் காட்டினர்.

ஆலைக்கு ஒன்று, சிறைக்கு வேறொன்று

இறைச்சி வெட்டும் தொழிலாளர்கள் துருப்பிடிக்காத உருக்கு வளையங்களால் பின்னப்பட்ட கையுறைகளையும் மார்பு, வயிற்றுப் பகுதிகளைக் காக்கும் மேலாடைகளையும் பயன்படுத்துகின்றனர். கைக்கத்தியால் ஏற்படும் வெட்டு, குத்து ஆகியவற்றிலிருந்து காக்கும் இத்தகைய ஆடைகளுக்கென ஐரோப்பியத் தர விதிகள் உள்ளன. தகடு அகன்ற இறைச்சிக் கத்தியின் முனை ஒரு வளையத்திற்குள் நுழைந்தாலும், அதன் அகலம் வளையத்தில் சிக்கி நின்றுவிடும்.

இதே ஆடை சிறைச்சாலையில் போதுமான காவலைத் தராது. சிறைகளில் அஞ்சப்படுவது கடையில் வாங்கிய கத்தியை மட்டுமல்ல. கம்பி, திருகாணி முடுக்கி போன்றவற்றைத் தேய்த்துக் கூராக்கிய ஆயுதங்களையுமே. ஊசி போன்ற மெல்லிய முனை வளையத்தின் துளை வழியே தங்குதடையின்றிச் சென்றுவிடும்.

அமெரிக்க தேசிய நீதித்துறை ஆய்வு நிறுவனம் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட தர விதி இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. தெருவில் எதிர்கொள்ளக்கூடிய விளிம்புள்ள கத்திகளுக்கு ஒரு பிரிவும், சிறைகளில் எதிர்கொள்ளக்கூடிய ஊசிமுனை ஆயுதங்களுக்கு மற்றொரு பிரிவும் அதில் வகுக்கப்பட்டன. பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் வகுத்த தர விதிகளிலும் கத்திக்கும் ஊசிமுனைக்கும் தனித்தனிச் சோதனைகள் உள்ளன.

அமெரிக்க விதியின் முதல் நிலையில் ஓர் அங்கி 24 ஜூல் ஆற்றல் கொண்ட குத்தைத் தாங்க வேண்டும். இது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றலுக்குச் சமம். அப்போது முனை அங்கியைத் தாண்டி 7 மில்லிமீட்டருக்கு மேல் வெளிவரக் கூடாது. இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்கு முறையே 33, 43 ஜூல் என வரையறுக்கப்பட்டது. 7 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளுறுப்புகள் காயமடையும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே அந்த எல்லைக்குக் காரணம்.

வீட்டில் அணியும் எந்த ஆடையும் இத்தகைய சோதனைக்கு உட்படுத்தப்பட்டதல்ல. மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தோல் மேலங்கிகூடச் சாலையில் உராய்வதிலிருந்து காப்பதற்காக உருவாக்கப்பட்டதே தவிர, குத்தைத் தடுப்பதற்காக அல்ல.

கடைக்கு வந்த காப்பாடை

பிரிட்டனில் 1990களிலிருந்து காவல்துறையினர் கத்திக்குத்துத் தடுப்பு அங்கிகளை அணிந்து பணியாற்றுவது வழக்கமாயிற்று. 2007 ஆம் ஆண்டு, பெற்றோர் சிலரின் கோரிக்கையை ஏற்று, பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளுக்குள் கெவ்லார் இழை வைத்துத் தைத்துக் கொடுத்ததாக எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று தெரிவித்தது பரவலான விவாதத்தைக் கிளப்பியது.

அந்த அச்சத்திற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மார்ச்சுடன் முடிவடைந்த ஓராண்டில் நடந்த கொலைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் கூரிய ஆயுதங்களால் நிகழ்ந்தவை. தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது 2010 ஆம் ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸ் குத்தப்பட்டு உயிர் தப்பினார். 2021 ஆம் ஆண்டு டேவிட் அமெஸ் குத்திக் கொல்லப்பட்டார். சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் 2024 நவம்பரில் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டது தமிழகத்தை அதிரச் செய்தது.

எனினும், இத்தகைய ஆடைகளை வாங்குவோர் இரு விடயங்களைக் கவனத்தில் கொள்வது நல்லது. வெட்டைத் தாங்கும் என்று விற்கப்படும் துணி குத்தையும் தாங்கும் என்று பொருளல்ல. எந்தத் தர விதியின் எந்த நிலையில் சோதிக்கப்பட்டது என்ற விவரம் இல்லாத ஆடை அளிப்பது நம்பிக்கையை மட்டுமே. இரண்டாவதாக, சான்றளிக்கப்பட்ட அங்கியும் மார்பையும் வயிற்றையும் முதுகையுமே மூடுகிறது. கழுத்தும், அக்குளும், பெரிய இரத்தக் குழாய் செல்லும் தொடைப் பகுதியும் திறந்தே இருக்கின்றன.

காப்பாடை அணிந்திருக்கும் தைரியத்தில் விலகிச் செல்ல வேண்டிய இடத்தில் ஒருவர் நின்றுவிடுவாரானால், அந்த ஆடை தீமையே செய்யும்.

கத்தியை எடுத்துச் செல்வது தீர்வா?

தற்காப்புக்காகக் கத்தி வைத்திருக்கிறேன் என்று கூறும் இளைஞர்கள் சட்டத்தின் முன் அதை நியாயமாக நிறுவ முடியாது. டென்மார்க்கில் ஏற்றுக்கொள்ளத்தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். 2008 ஆம் ஆண்டு இச்சட்டம் கடுமையாக்கப்பட்டது. வேலைக்கான கத்தியை வாகனத்தில் மறந்து வைத்திருந்தவர்களும் தண்டனைக்கு உள்ளாகின்றனர் என்ற விமர்சனத்தை அடுத்து 2016 இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. இருப்பினும் தற்காப்பு என்பது ஏற்கத்தக்க காரணமாகக் கருதப்படுவதில்லை. குறிப்பிட்ட பகுதிகளைச் சோதனை வலயங்களாக அறிவித்து, சந்தேகம் இன்றியே ஆட்களைச் சோதிக்கும் அதிகாரமும் 2004 ஆம் ஆண்டு முதல் டென்மார்க் காவல்துறைக்கு உண்டு. இங்கிலாந்தில் இக்குற்றத்திற்கு அதிகபட்சம் நான்கு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

ஆடையை வலுப்படுத்துவதை விடக் கத்தியை மாற்றுவது பயன்தரும் என்ற வாதமும் உண்டு. மேற்கு லண்டனில் உள்ள மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சை மருத்துவர்கள் மூவர், முனை கூரான நீண்ட சமையலறைக் கத்திகளின் விற்பனையைத் தடை செய்யலாம் என்று 2005 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். முனையே முதன்மை என்ற நைட்டின் முடிவோடு இது பொருந்திப் போகிறது. அதே 2005 இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் காவல்துறை, வன்முறையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அணுகும் தனிப் பிரிவை ஏற்படுத்தியது.

குத்திய பிறகு உதவும் ஆடை

அன்றாட ஆடை உயிர் காக்கும் தருணம் ஒன்று உறுதியாக உண்டு. அது குத்து விழுந்த பிறகு வருவது.

உடலில் கத்தி குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். கத்தி இல்லாத காயத்தின் மீது கையில் கிடைக்கும் சுத்தமான துணியை, அது துப்பட்டாவாகவோ கழுத்துத் துணியாகவோ கழற்றிய சட்டையாகவோ இருக்கலாம், மடித்து வைத்துப் பலமாக அழுத்த வேண்டும். துணி நனைந்துவிட்டால் அதை எடுத்துவிடாமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்தத்தைத் தொடர வேண்டும். உதவி வரும்வரை கையை எடுக்கக் கூடாது. டென்மார்க் உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, பிரிட்டனில் 999, தமிழகத்தில் 108 ஆகியவை அவசர உதவிக்கான எண்கள்.

தாக்குதல் நிகழும் வேளையில் முதலில் செய்ய வேண்டியது ஓடித் தப்புவதே என்று பிரிட்டிஷ் காவல்துறை அறிவுறுத்துகிறது. தப்ப வழியே இல்லாதபோது முதுகுப்பை, கோட்டு, நாற்காலி என எதையேனும் தனக்கும் கத்திக்கும் இடையே பிடிப்பது, உடலோடு ஒட்டிய ஆடையைவிடக் கூடுதல் பயன் தரக்கூடும். உடலுக்கும் முனைக்கும் இடையே அது ஏற்படுத்தும் தூரமே அதற்குக் காரணம்.

மேலங்கியின் தடிமன் அந்தத் தூரத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டலாம். எச்சரிக்கையோடு விலகிச் செல்பவரோ அதைப் பல மீட்டர் கூட்டிக்கொள்கிறார்.