‘சொன்னால் பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள்’: ஒரு பயத்தின் வரலாறு

புலம்பெயர்ந்த எமது பெண்கள் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை வெளியே சொல்லாதிருப்பதற்கு நாம் வழக்கமாக இரண்டு காரணங்களைச் சொல்வதுண்டு. ஒன்று மானம், மற்றது சட்டம் பற்றிய அறியாமை. மூன்றாவது ஒன்றும் உண்டு. ‘சொன்னால் பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள்’ என்பதே அது. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் நான் வாழும் சான்டா கிளாராவிலும் ஏறத்தாழ இதே சொற்களில் அது சொல்லப்படுகிறது. எம்மிற் படித்தவர்களில் ஒரு சாரார் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். மறுசாரார், வெள்ளையரின் அரசு எமது குடும்பங்களைச் சிதைக்கிறது என்பதற்கு இதையே ஆதாரமாக்குகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டென்று எவரும் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் அடிபட்ட குழந்தையை ‘கண்டுபிடித்தவர்கள்’ மருத்துவர்கள். 1962இல் டென்வரில் ஹென்றி கெம்பும் அவரது சகாக்களும் எழுதிய கட்டுரைக்கு முக்கிய சான்றாக அமைந்தவை எக்ஸ்ரே படங்களில் தெரிந்த பழைய எலும்பு முறிவுகளே. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், சந்தேகம் எழுந்தால் மருத்துவர் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. அடிபட்ட மனைவியைக் கண்டுபிடித்தவர்களோ பெண்களே. எமது பக்கத்து நகரமான சான் ஹோசேயில் இன்று நெக்ஸ்ட் டோர் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு 1971இல் தொடங்கியது. இலண்டன் சிஸ்விக்கில் முதற் புகலிடம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். முதல் தடத்தில் வந்தவர்கள் அரச உத்தியோகத்தர்கள். அவர்களுடைய கட்சிக்காரர் குழந்தை. இரண்டாம் தடத்தில் வந்தவர்கள் அரசை அவ்வளவாக நம்பாதவர்கள். அவர்களுடைய கட்சிக்காரர் தாய். மத்திய அரசின் சட்டங்களும் அப்படியே பிரிந்தன. குழந்தைக்கானது 1974இல் வந்தது, பெண்ணுக்கானது 1994இல் வந்தது. ஒரே வீட்டில் ஒரே ஆளிடம் அடிவாங்கிய இருவரை இரண்டு அலுவலகங்கள் தனித்தனியே பார்த்தன.

இந்த இரு தடங்களும் மோதிக்கொண்ட இடத்திற்தான் அந்தப் பயம் பிறந்தது. கலிபோர்னியாவின் சிறுவர் சட்டத்தில், பெற்றார் பிள்ளையைப் பாதுகாக்கத் தவறுவதும் அரச தலையீட்டுக்குப் போதிய காரணமாகும். 1996இல் இங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வன்முறை நடப்பதே புறக்கணிப்புத்தான் என்று தீர்ப்பளித்தது. நோக்கம் தவறல்ல. ஆனால் நடைமுறையில் கோப்பு பெரும்பாலும் தாயின் பெயரிலேயே திறக்கப்படும். கதவைத் திறப்பவள் அவள், கேள்விக்குப் பதில் சொல்பவளும் அவள். அடித்தவன் கோப்பில் ஒரு வரியாக வந்து மறைந்துவிடுவான்.

நியூயோர்க்கில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1999இல் புரூக்ளினில் ஒரு தாய், தன் மகளின் தகப்பனால் எலும்பு முறியும்வரை அடிக்கப்பட்டார். அவரே பொலிசை அழைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பிள்ளைகளை அயலவரிடம் ஒப்படைக்கவும் ஏற்பாடு செய்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கையிலேயே நகர நிர்வாகம் பிள்ளைகளை எடுத்துச் சென்றது, குற்றச்சாட்டு, புறக்கணிப்பு. அவரும் மற்றத் தாய்மாரும் தொடுத்த நிக்கல்சன் வழக்கில், இது அரசியலமைப்புக்கு விரோதமென 2002இல் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் தீர்ப்பளித்தார். தாய் அடிவாங்குவதைப் பிள்ளை கண்டது என்பதால் மட்டும் தாய் புறக்கணித்தவள் ஆகிவிடமாட்டாள் என்று 2004இல் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றும் சொன்னது. மினசோட்டா வேறொரு பாடம். 1999இல் அங்கு, வன்முறையைக் காணும் பிள்ளையும் புறக்கணிக்கப்பட்ட பிள்ளையே எனச் சட்டம் திருத்தப்பட்டது. முறைப்பாடுகள் குவிந்தன, அவற்றைக் கையாளப் பணம் ஒதுக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே திருத்தத்தை மீளப்பெற்றார்கள்.

ஆகவே எமது பெண்களின் பயம் வெறும் வதந்தியல்ல. தம்மைச் சுற்றியுள்ள நிறுவனங்களை அவர்கள் சரியாகவே வாசித்திருக்கிறார்கள் என்பதே என் கட்சி.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும், ஏனெனில் அதில் ஒரு பகுதி இந்த ஊரிலேயே நடந்தது. 1999இல் சிறுவர் மற்றும் குடும்ப நீதிமன்ற நீதிபதிகளின் தேசியப் பேரவை ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. அட்டையின் நிறத்தால் அது ‘பச்சைப் புத்தகம்’ என்றே பெயர்பெற்றது. சூசன் ஷெக்டரும் ஜெஃப்ரி எடில்சனும் அதை எழுதினார்கள். அதன் சாரம் எளியது: பிள்ளையைப் பாதுகாக்கச் சிறந்த வழி பெரும்பாலும் தாயைப் பாதுகாப்பதே, இருவரையும் பிரிக்காதே, பொறுப்பை அடிப்பவன்மேல் வை. அதைச் செயற்படுத்த மத்திய அரசு ஆறு இடங்களுக்குப் பணம் கொடுத்தது. அவற்றுள் ஒன்று சான்டா கிளாரா கவுண்டி. இங்கு சிறுவர் நீதிமன்றில் நெடுங்காலம் இருந்த நீதிபதி லெனார்ட் எட்வர்ட்ஸ், பொலிஸ், சிறுவர் பாதுகாப்பு அலுவலர், புகலிடப் பெண்கள் ஆகியோரை ஒரே மேசைக்குக் கொண்டுவரவேண்டுமென்று அதற்கு முன்பிருந்தே வாதாடி வந்தவர். மேசைக்கு வந்தார்கள். அடித்தவனை மேசைக்குக் கொண்டுவருவதே கடைசிவரை கடினமாயிருந்தது என்பது என் கணிப்பு.

அடி மட்டுந்தானா வன்முறை? மினசோட்டாவின் டுலூத் நகரில் அடிபட்ட பெண்கள் சொன்னவற்றைத் தொகுத்து 1984இல் வரைந்த சக்கரப் படத்தில், பணத்தை அடைத்துவைத்தல், உறவுகளிலிருந்து பிரித்தல் என்பவற்றோடு ‘பிள்ளைகளைக் கருவியாக்குதல்’ என்பதும் ஓர் ஆரமாக உண்டு. இவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூல், இதை நிர்ப்பந்தக் கட்டுப்பாடு என்று, தனித்தனி அடிகளாக அல்லாமல் நாளாந்தச் சிறையாகப் பார்க்கச் சொன்னது. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில், பின்னேரத் தேநீர் இடைவேளையில் தினமும் ஒரே நிமிடத்தில் ஒருத்தியின் தொலைபேசி ஒலிக்கும். இரண்டாவது மணிக்குள் அவள் எடுத்தாகவேண்டும். அவள் உடம்பில் எக்ஸ்ரேக்குத் தெரியும் காயம் எதுவுமில்லை.

2021 ஜனவரியிலிருந்து கலிபோர்னியாவின் குடும்பச் சட்டம் இதை வன்முறையாக ஏற்கிறது. குடிவரவு நிலையைக் காட்டி மிரட்டுவதும் அந்த வரைவிலக்கணத்துள் அடங்கும். இந்த ஊரில் அது சிறிய விடயமல்ல. எச்-1பி கணவனுடன் எச்-4 வீசாவில் வந்த பெண்ணின் இருப்பு அவன் வேலையில் தொங்குகிறது. 2015வரை அவளுக்கு உழைக்கும் உரிமையே இல்லை. அதன் பின்னரும் கணவனின் நிரந்தர வதிவிட விண்ணப்பம் குறித்த கட்டத்தைத் தாண்டினால்தான் உண்டு. ‘பிள்ளை அமெரிக்கப் பிரசை, நீதான் திரும்பிப் போகவேண்டியவள்’ என்ற ஒரு வசனம் போதும், கையை ஓங்கத் தேவையில்லை. 1991இல் இங்கு தென்னாசியப் பெண்கள் மைத்ரியைத் தொடங்கியதற்கு, பொது அமைப்புகளுக்கு இந்த வசனம் விளங்கவில்லை என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு ‘அமெரிக்கச் சமாச்சாரம்’ என்று ஒதுக்குவோருக்கு ஒன்று. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமணவுரிமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கமுடியாது. நிர்ப்பந்தக் கட்டுப்பாடு எமக்குப் புதிதல்ல. எமது தேசவழமை அதற்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. இலங்கையில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல்தான் வந்தது.

கடைசியாக, எம்மவர் மத்தியஸ்தம். பொலிசுக்குப் போகுமுன் பெரியவர்களிடம் போகிறார்கள். அந்தப் பெரியவர்கள் நாமே, முன்னாள் ஆசிரியர்கள், முன்னாள் அதிபர்கள். அலுவலர் தாயைப் பார்த்து ‘பிள்ளைகளுக்காக ஏன் வெளியேறவில்லை’ என்று கேட்டார். நாம் அதே தாயைப் பார்த்து ‘பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் தங்கச்சி’ என்கிறோம். அவன் அடுத்த அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறான். எவரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. மொழி தெரியாத வீட்டுக்குப் பொலிஸ் வந்தால் மொழிபெயர்ப்பது பத்து வயது மகள். தகப்பன் செய்ததைத் தகப்பன் முன்னாலேயே அவள் சொல்லவேண்டும்.

கலிபோர்னியாவில் பாதுகாப்புக் கட்டளைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமில்லை, வீசா நிலை தடையுமில்லை, பிள்ளைகளையும் அதில் சேர்க்கலாம். எமது மத்தியஸ்தர்களில் எத்தனைபேர் இதை ஒரு பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டெழுதும்படி இவ்விதழின் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.