‘வூக்’: ஒரு செர்பியப் பெயரின் பொருளும் இடுகாரணமும்

செர்பிய மொழியில் வூக் என்னும் சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். ஆண்மக்களுக்கு இடப்பெறும் இப்பெயர் தொல்ஸ்லாவிய வேரிலிருந்து வந்ததாகும். வடமொழியின் ‘விருகம்’, லிதுவேனிய மொழியின் ‘வில்காஸ்’, கிரேக்க மொழியின் ‘லூகோஸ்’ ஆகியன இதன் உறவுச் சொற்கள். வீமனைக் குறிக்கும் ‘விருகோதரன்’ என்பதிலும் இவ்வோநாயே உள்ளது. சொல்லின் நடுவே நின்ற லகர ஒலி செர்பியத்தில் பின்னர் உகரமாகத் திரிந்தது. பைசாந்திய இளவரசி அன்னா கொம்னேனே 12ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றில், தம் தந்தையை எதிர்த்த செர்பியத் தலைவன் வூக்கனின் பெயர் லகரத்துடன் ‘பொல்கானோஸ்’ எனக் காணப்படுகிறது. பழைய ஒலி அவ்வயல்மொழி வடிவில் எஞ்சி நிற்கிறது.

இடைக்காலத்தில் இப்பெயரும் இதன் வழிப்பெயர்களும் உயர்குடியினரிடையே மிகுதியாக வழங்கின. 1371இல் மரித்சா ஆற்றங்கரைப் போரில் மாண்ட மன்னன் வூக்காஷினும், 1397இல் இறந்த வூக் பிரான்கொவிச்சும் அறியப்பட்ட சான்றுகள். இதனால் இப்பெயரை வீரத்தின் குறியீடாகக் கொள்வது எளிதாயிற்று. செவ்வியல் அறிஞர் வெசெலின் சாய்கானொவிச் இன்னும் ஒருபடி மேலே சென்று, கிறித்தவத்திற்கு முற்பட்ட செர்பியச் சமயத்தில் ஓநாய் தெய்வத்தன்மை பெற்றிருந்தது எனக் கருதினார்.

ஆயினும் இப்பெயரைத் தாங்கிய ஒருவரே தந்த விளக்கம் வேறு திசையைக் காட்டுகிறது. செர்பிய எழுத்துச் சீர்திருத்தத்தின் தந்தையான வூக் ஸ்தெஃபானொவிச் கராஜிச் (1787–1864) லோஸ்னித்சாவை அடுத்த திர்ஷிச் சிற்றூரில் பிறந்தவர். பெற்றோருக்கு முன்பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. 1818இல் வியன்னாவில் வெளியிட்ட தம் அகராதியில் ‘வூக்’ என்னும் பதிவின்கீழ் அவர் இவ்வழக்கத்தை விளக்குகிறார்: பிள்ளைகள் தங்காத தாய், சூனியக்காரிகளே அவற்றைத் தின்கின்றனர் என நம்பி, அவர்கள் ஓநாயைத் தாக்கத் துணியார் என்று குழந்தைக்கு இப்பெயரை இடுவாள். தமக்கும் அக்காரணத்தாலேயே இப்பெயர் வந்தது என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறார். அகராதியாசிரியர் தம் பிறப்பையே ஒரு சொல்லின் சான்றாக்கும் இத்தகைய இடங்கள் அரியவை. அதே 1818இல் அவர் அன்னா கிராவுஸை மணந்தார்; பிறந்த குழந்தைகள் பலருள் மீனா, திமித்ரியே ஆகிய இருவரே தந்தைக்குப் பின்னும் வாழ்ந்திருந்தனர்.

சாய்கானொவிச்சின் கருத்தைக் கராஜிச்சின் பதிவு முற்றிலும் மறுத்துவிடுவதில்லை. சூனியக்காரி ஓநாயை அஞ்சுவதற்கு ஏதேனும் பழைய நம்பிக்கை அடிப்படையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 18ஆம் நூற்றாண்டு உழவர் குடும்பத்தின் காரணத்தை 14ஆம் நூற்றாண்டுப் பிரபுக்கள்மீது ஏற்றுவதும், அப்பிரபுக்களின் வீரத்தைத் திர்ஷிச் தாயின் எண்ணத்தில் காண்பதும் ஒரே வகைப் பிழைகளே. அத்தாயின் பெயரிடலுக்கு நெருங்கிய துணை ‘ஷிவ்கோ’ போன்ற பெயர்களில் உள்ளது. ‘உயிர்’ என்னும் வேரிலிருந்து வந்த அப்பெயர் குழந்தைக்கு வாழ்வை வேண்டுகிறது. வூக் என்பது அவ்வாழ்வைப் பறிக்க வருபவரை அச்சுறுத்துகிறது.