கரும்பாத நோய்: தைவானின் பெய்மென் ஊரும் ஆர்சனிக் கலந்த கிணற்று நீரும்

கரும்பாத நோய் என்பது தைவானின் தென்மேற்குக் கடற்கரைச் சிற்றூர்களில் இருபதாம் நூற்றாண்டில் பரவலாகக் காணப்பட்ட இரத்தக்குழாய் நோயாகும். கால்விரல்களுக்கு இரத்தம் செல்வது குறைந்து, தசை கறுத்து அழுகிவிடுவதால் இப்பெயர் பெற்றது. நிலத்தடி நீரில் இயற்கையாகக் கலந்திருந்த ஆர்சனிக்கே இதற்கு முதன்மைக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. தமிழ் மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாடாணம் என்று கூறுவது இந்த ஆர்சனிக்கின் ஒரு சேர்மமே ஆகும். குடிநீரில் எவ்வளவு ஆர்சனிக் இருக்கலாம் என்று உலக நாடுகள் இன்று வகுத்துள்ள வரம்புக்குப் பின்னால் இவ்வூர்களின் துயரமும் உள்ளது.

ஊரும் நீரும்

நோய் மிகுதியாக இருந்தவை நான்கு ஊர்ப்பகுதிகள். பெய்மென், சுவேஜியா ஆகியவை தைனான் வட்டாரத்தையும், புதாய், யிசூ ஆகியவை சியாயி வட்டாரத்தையும் சேர்ந்தவை. உப்பளமும் மீன் வளர்ப்பும் உழவுமே மக்களின் தொழில். கடலை ஒட்டிய நிலம் என்பதால் மேலாகத் தோண்டிய கிணறுகளில் உப்பு நீரே கிடைத்தது. நல்ல தண்ணீர் என்பது இம்மக்களுக்குத் தீராத குறையாக இருந்தது.

தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில், 1910களுக்குப் பின், இப்பகுதியில் 100 மீட்டருக்கும் மேல் ஆழமான ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றில் உப்புக் கரிக்காத நீர் வந்தது. ஆர்சனிக்கிற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. ஆகவே உப்பு நீரிலிருந்து விடுதலை கிடைத்ததாகவே மக்கள் கருதினர். அந்த நீரையே பல்லாண்டுகள் குடித்தனர், அதிலேயே சமைத்தனர்.

ஆர்சனிக் எவ்வாறு கலந்தது?

இது ஆலைக் கழிவாலோ சுரங்கத்தாலோ வந்ததன்று. மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் இரும்பு ஆக்சைடுகள் உள்ளன. அவற்றின் மேற்பரப்பில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கும். மட்கிய தாவரப் பொருள்கள் நிறைந்த ஆழமான படிவுகளில் ஆக்சிசன் குறைவு. அந்நிலையில் நுண்ணுயிர்களின் செயலால் இரும்பு ஆக்சைடு கரைகிறது. அதனுடன் ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது.

நோய் மிகுந்த பகுதியின் ஆழ்கிணறுகளில் லிட்டருக்கு 0.35 முதல் 1.14 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருந்தது. இன்றைய உலக சுகாதார நிறுவன வழிகாட்டி அளவு 0.01 மில்லிகிராம். அதாவது அம்மக்கள் குடித்த நீரில் இதைப் போல் 35 முதல் 114 மடங்கு வரை ஆர்சனிக் இருந்தது.

நோயின் இயல்பு

முதலில் கால்விரல்கள் குளிர்ந்து மரத்துப்போகும். சிறிது தொலைவு நடந்தாலே கால் வலிக்கும். நின்றால் வலி தணியும். பின்னர் ஓய்விலும் வலி நீங்காது. விரல் கறுத்துக் காய்ந்து, அழுகல் மேலேறும். அந்நிலையில் காலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. உள்ளூர் மக்கள் இதனைக் 'கருங்காய்ந்த பாம்பு' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தனர். முன்வினைப் பயன் என்று எண்ணி நோயாளிகளை ஒதுக்கியவர்களும் உண்டு.

ஆராய்ச்சி

1954ஆம் ஆண்டில் இந்நோய், தானாகத் தோன்றும் அழுகல் என்ற பெயரில் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. 1950களின் பிற்பகுதியில் நோய் உச்சத்தில் இருந்தது. நோயாளிகள் வாழ்ந்த இடங்களும் ஆழ்கிணறுகள் இருந்த இடங்களும் ஒத்திருந்ததே ஆய்வாளர்களுக்குக் கிடைத்த முதன்மையான தடயமாகும்.

தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவர் செங் வென்-பின் குழுவினர் 37 ஊர்களில் 40,421 பேரைப் பரிசோதித்து, 1968இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 428 பேருக்குத் தோல் புற்றுநோயும், 360 பேருக்குக் கரும்பாத நோயும் இருந்தன. நீரில் ஆர்சனிக் கூடக்கூட நோயும் கூடியது. ஆர்சனிக் மிகக் குறைவாக இருந்த வேறு பகுதிகளில் பரிசோதிக்கப்பட்ட சுமார் 7,500 பேரில் ஒருவருக்கும் தோல் புற்றுநோய் இல்லை. நோய் மிகுந்த பகுதியில் சிறுநீர்ப்பை, சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் புற்றுநோய் இறப்புகளும் மிகுதி என 1985இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆர்சனிக் மட்டுமே காரணமா என்ற விவாதமும் நடந்தது. கிணற்று நீரிலிருந்த மட்கு அமிலங்களுக்கும் பங்குண்டு எனச் சிலர் கருதினர். வறுமையும் சத்துக் குறைந்த உணவும் நோயைக் கடுமையாக்கின என்பதும் சுட்டப்பட்டது.

பெய்மென் மருத்துவமனை

உள்ளூர் மருத்துவரான வாங் ஜின்-ஹே (1916–2014), அமெரிக்கச் சமயத்தொண்டர் லிலியன் டிக்சனின் உதவியுடன் 1960இல் பெய்மென்னில் இலவச மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அறுவை மருத்துவர் சியே வெய், 1970இல் சாலை விபத்தில் இறக்கும்வரை தொலைவிலிருந்து தவறாமல் வந்து சிகிச்சையளித்தார். கால் இழந்தவர்கள் பிழைக்க வழி வேண்டும் என்பதால், வாங்கின் துணைவியார் அவர்களுக்குப் பாய் முடையக் கற்பித்தார். இம்மருத்துவமனை 1984 வரை இயங்கியது. வாங்கின் பழைய மருத்துவ இல்லம் 2007 முதல் நினைவு அருங்காட்சியகமாக உள்ளது.

நோயின் மறைவும் அதன் பின்விளைவும்

நோயைக் குறைத்தது மருந்தன்று, குழாய் நீரே. 1950களின் பிற்பகுதி முதல் படிப்படியாகக் குழாய் நீர் வந்தது. 1970களுக்குள் ஆழ்கிணற்று நீரைக் குடிப்பது பெரும்பாலும் நின்றது. புதிய நோயாளிகள் அருகினர். ஆயினும் ஆர்சனிக்கால் வரும் புற்றுநோய் பல்லாண்டுகள் கழித்தே வெளிப்படுவதால், கிணறுகள் கைவிடப்பட்ட பின்னும் இறப்புகள் தொடர்ந்தன.

உலக சுகாதார நிறுவனம் 1993இல் வழிகாட்டி அளவை 0.05இலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. அமெரிக்கா 2001இல் அதே அளவை ஏற்றபோது தைவான் ஆய்வுத் தரவுகளே முக்கியச் சான்றாக அமைந்தன.

மேற்கு வங்கத்திலும் வங்காளதேசத்திலும் நடந்தது இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே ஆற்றுநீர், குளத்துநீர்க் கிருமிகளிலிருந்து காக்கவே குழாய்க் கிணறுகள் பெருமளவில் இறக்கப்பட்டன. அங்கு ஆர்சனிக் மிகுந்தது ஆழம் குறைந்த கிணறுகளில். ஆழமான நீர் பெரும்பாலும் தூயது. பெய்மென்னிலோ ஆழமான நீரே நஞ்சாயிருந்தது. எனவே கிணற்றின் ஆழத்தையோ நீரின் தெளிவையோ சுவையையோ கொண்டு பாதுகாப்பை முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு கிணற்றின் நீரையும் பரிசோதிப்பதே வழி. அந்தப் பரிசோதனை நடக்குமுன்பே பெய்மென் மக்கள் அரை நூற்றாண்டுக் காலம் அந்நீரைக் குடித்துவிட்டனர்.