மகேந்திரவர்மனும் மத்தவிலாசப் பிரகசனமும்

மத்தவிலாசப் பிரகசனம், பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ஓரங்க அங்கத நாடகம். சம்ஸ்கிருதத்தில் அமைந்தது. சில கதைமாந்தர் பிராகிருதத்தில் பேசுகின்றனர். கதை முழுவதும் காஞ்சிபுரத்தின் தெருக்களில் நிகழ்கிறது. இன்று கிடைக்கும் சம்ஸ்கிருத எள்ளல் நாடகங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

ஆசிரியர்

மகேந்திரவர்மன் சிம்மவிஷ்ணுவின் மகன். ஏறத்தாழ பொ.யு. 600 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்டார். விசித்திரசித்தன், குணபரன், சத்ருமல்லன், மத்தவிலாசன் எனப் பல விருதுப்பெயர்கள் கொண்டவர். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்ததாக அவருடைய மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டு கூறுகிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவல் வழியாக இவரை அறிந்தவர்கள் பலர்.

நாடகத்தின் முன்னுரையில் சூத்திரதாரன், ஆசிரியர் பல்லவ குலத்துச் சிம்மவிஷ்ணுவின் மகன் என்று அறிவிக்கிறான். காஞ்சிக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரையின் சிதைந்த கல்வெட்டிலும் மத்தவிலாசத்தின் பெயர் உள்ளது. அதே கல்வெட்டில் 'பகவதஜ்ஜுகம்' என்னும் மற்றோர் எள்ளல் நாடகத்தின் பெயரும் வருவதால், அதுவும் இவருடையதே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அதைப் போதாயனர் இயற்றியதாகச் சொல்லும் மரபும் உள்ளது.

'மத்தவிலாசம்' என்றால் குடித்தவனின் களியாட்டம். அது மன்னரின் விருதுப்பெயரும்கூட. தம் பெயரையே குடிகாரர் கதைக்குத் தலைப்பாக்கியதிலிருந்தே எள்ளல் தொடங்கிவிடுகிறது.

கதை

சத்தியசோமன் என்னும் கபாலியும் அவன் துணைவி தேவசோமையும் போதையில் காஞ்சியில் திரிகின்றனர். கள்ளுக்கடையைக் கண்டதும் கபாலிக்கு அது வேள்விச்சாலையாகத் தெரிகிறது. கடையின் கம்பம் வேள்வித்தூண், மது சோமரசம், குடிகாரர்கள் புரோகிதர்கள், வறுத்த இறைச்சி அவிசு என்று அடுக்குகிறான். பிச்சை வாங்கக் கையை நீட்டும்போதுதான் தன் கபாலத்தைக் காணவில்லை என்று உணர்கிறான். அதில் இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பௌத்தத் துறவியாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்கிறான்.

அப்போது வணிகன் தனதாசன் வீட்டில் விருந்துண்டுவிட்டு நாகசேனன் என்னும் பிட்சு ராஜவிகாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். இத்தனை வசதிகளை அனுமதித்த புத்தர் பெண்ணையும் மதுவையும் மட்டும் மறுத்திருக்க மாட்டார், பொறாமை கொண்ட கிழத் துறவிகள்தான் அந்தப் பகுதியை நூலிலிருந்து நீக்கியிருப்பார்கள் என்பது அவன் எண்ணம். அவன் மறைத்து வைத்திருக்கும் பாத்திரத்தைத் தன்னுடையது என்கிறான் கபாலி. பிட்சு காட்டிய பாத்திரம் கறுப்பாக இருக்கிறது. நிறத்தை மாற்றிவிட்டான் என்று கபாலி வாதிடுகிறான்.

நடுவராக வரும் பாசுபதன் பப்ருகல்பனும் கபாலி மீது பழைய காழ்ப்பு உள்ளவன். வழக்கு மன்றத்துக்குப் போகலாம் என்கிறார்கள். தேவசோமை அதை ஏற்கவில்லை. விகாரங்களின் செல்வம் பிட்சுவிடம் இருக்கிறது, அதைக் கொண்டு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், ஏழைக் கபாலியிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். கடைசியில் ஒரு பித்தன் நாயிடமிருந்து பறித்த கபாலத்தோடு வருகிறான். பொருள் உரியவனுக்குக் கிடைக்க, அனைவரும் சமாதானமாகப் பிரிகின்றனர்.

அங்கதத்தின் இலக்கு

திருநாவுக்கரசரைத் துன்புறுத்திய பல்லவ மன்னன் பின்னர் சைவனானதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த மன்னன் மகேந்திரவர்மனே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதையொட்டி, சைவரான பிறகு புறச்சமயங்களைப் பழிக்க அவர் எழுதியதே இந்நாடகம் என்று விளக்குவதுண்டு. சமணரும் பௌத்தரும் இதில் கேலிக்கு உள்ளாகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதிகம் கேலி செய்யப்படுபவன் கபாலி. அவனும் பாசுபதனும் சைவப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே நாடகத்தின் இலக்கு ஒரு சமயம் அன்று, துறவு வேடத்துக்குள் இருக்கும் ஆசை.

தேவசோமையின் சொற்கள் இன்னும் கூர்மையானவை. நீதி விலைபோகும் என்று அவள் சொல்வது அம்மன்னரின் சொந்தத் தலைநகரைப் பற்றி. அதை அவள் வாயில் வைத்தவரும் அவரே. நாட்டின் நீதிக்குப் பொறுப்பானவரே எழுதிய வரி என்பதால் அது வெறும் நகைச்சுவையாக நிற்பதில்லை.

வரலாற்று மதிப்பு

கல்வெட்டுகளும் செப்பேடுகளும் மன்னரின் வெற்றிகளையும் கொடைகளையும் சொல்பவை. கள்ளுக்கடை, தெருநாய், வணிகன் வீட்டு விருந்து, மன்றத்தின் மீதான அவநம்பிக்கை ஆகியவற்றை இந்நாடகத்தில் காணலாம். ஏறத்தாழ 640-ல் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். நாகசேனனின் ராஜவிகாரம் இச்சூழலைச் சேர்ந்தது. ஆயினும் எள்ளல் மிகைப்படுத்தும் என்பதால், காஞ்சித் துறவிகள் அனைவரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று இதைக் கொண்டு முடிவுகட்ட இயலாது.

மீட்பும் மேடையும்

நாடகத்தைக் காத்தது கேரளம். அங்குக் கிடைத்த சுவடிகளைக் கொண்டு த. கணபதி சாஸ்திரி 1917-ல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத நூல்வரிசையில் இதைப் பதிப்பித்தார். எல்.டி. பார்னெட் 1930-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். வட கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் மத்தவிலாசக் கூத்தை நேர்ச்சையாக நடத்திவந்தனர். பிள்ளைப்பேறு வேண்டுவோர் அதை நேர்ந்துகொண்டனர். காஞ்சித் தெருவின் குடிகாரக் கபாலி அங்கே சிவனை எண்ணி ஆடும் பக்தனாக மாறினான். சாக்கியார்களின் கூடியாட்டத்தை யுனெஸ்கோ 2001-ல் மானுடத்தின் அருமரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.