மஸ்டாங்கும் மங்குப் பாலும்

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், நியூயார்க் உலகக் கண்காட்சியில் போர்ட் நிறுவனம் ஒரு புதிய காரை மக்கள் முன் நிறுத்தியது. அமெரிக்கப் புல்வெளிகளில் கட்டுக்கடங்காமல் திரியும் குதிரையின் பெயரான ‘மஸ்டாங்’ என்பதே அதன் பெயர். நீண்ட முகப்பு, குறுகிய பின்புறம், இளைஞர் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை ஆகியவற்றால் முதல் ஓராண்டிலேயே நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றுத் தீர்ந்தன. அதே காலத்தில் பொன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள தன் கார் ஒன்றில் 6.4 லிட்டர் இயந்திரத்தைப் பொருத்தி ‘ஜி.டி.ஓ.’ என்று பெயரிட்டது. சிறிய உடலில் பெரிய இயந்திரம் என்ற இந்தச் சூத்திரத்தைக் கமாரோ, சார்ஜர், சேலஞ்சர் என அடுத்தடுத்து வந்தவை பின்பற்றின. அமெரிக்கர் இவ்வகைக்குச் சூட்டிய பெயர் ‘மசல் கார்’. தசை முறுக்கிய கார் என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

இக்கார்களின் கதையைச் சொல்பவர்கள் இயந்திரத்தைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர். ஆனால் எவ்வளவு பெரிய இயந்திரமானாலும் அதன் ஆற்றல் முழுவதும் தரையைத் தொடுவது நான்கு டயர்களின் வழியாகத்தான். அந்த டயரின் கதையைத் தேடிப் போனால் அது நெகிரி செம்பிலானின் பால்மரக் காடுகளுக்கு வந்து சேரும். டெட்ராயிட் நகரத்துக்கும் தோட்டத்து லயன் வீட்டுக்கும் இடையிலுள்ள இந்த உறவை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை.

நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் தோட்டத் தொழில் காப்பியோடு தொடங்கியது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டபோது அதில் ஏறிய சரக்குகளில் ரப்பருக்கு இடமில்லை. பிரேசிலிலிருந்து 1876இல் ஹென்றி விக்காம் கொண்டுசென்ற விதைகளின் வழிவந்த கன்றுகள் அடுத்த ஆண்டே சிங்கப்பூரை அடைந்திருந்தும், அவற்றை நம்பிப் பணம் போட எவரும் முன்வரவில்லை. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, பார்த்தவரிடமெல்லாம் ரப்பர் நடுமாறு வேண்டினார். பிரேசிலின் போட்டியால் காப்பி விலை சரிந்த பிறகே தோட்டத் துரைமார் அவர் பேச்சுக்குச் செவிசாய்த்தனர்.

1908இல் ஹென்றி போர்டின் ‘மாடல் டி’ கார் வெளிவந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. காருக்கு நான்கு டயர்கள் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைக் கடந்தது. அந்த 1910 கூர்ந்து நோக்கத்தக்க ஆண்டு. ஒப்பந்தக் கூலிமுறை அவ்வாண்டில்தான் ஒழிக்கப்பட்டுக் கங்காணி முறை முழுமையாக இடம்பிடித்தது. மலாக்காவில் சைம், டார்பி என்னும் இரு குடும்பத்துப் பெயர்களை இணைத்து ஒரு தோட்ட நிறுவனம் தோன்றியதும் அவ்வாண்டில்தான். அந்நிறுவனத்தை மீண்டும் சந்திக்க நேரும். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறியவர்கள் லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் பகுதிக் காடுகளை வெட்டி நிரை பிடித்துக் கன்று நட்டனர். தாங்கள் நட்ட மரத்தின் பால் எங்கே போகிறது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

பால் வெட்டும் தொழிலின் நுட்பம் தோட்டத்தில் பிறந்தவர்க்குத் தெரிந்ததே. மரத்தின் உள்ளழுத்தம் விடியலுக்கு முன் மிகுந்திருக்கும் என்பதால் இருட்டிலேயே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் நுழைய வேண்டும். உளி ஆழமாகப் பட்டால் மரம் புண்ணாகும். மேலோட்டமாகச் சென்றால் பால் வராது. மங்கில் சொட்டும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். இவ்வாறு துளித்துளியாகச் சேர்ந்ததுதான் ஆலைக்குச் சென்று, அமிலத்தில் உறைந்து, தகடாகிப் புகைக்கூண்டில் காய்ந்து கப்பலேறியது.

அமெரிக்கக் கார்த் தொழிற்சாலை நன்றாக ஓடியபோது தோட்டத்தில் அடுப்பு எரிந்தது. அங்கே முடங்கியபோது இங்கே பட்டினி வந்தது. 1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து கார் விற்பனை வீழ்ந்ததும், 12 ஷில்லிங்குக்கு விற்ற ஓர் இராத்தல் 1932இல் ஏறத்தாழ இரண்டு பென்சுக்கு இறங்கியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மரங்களை நட்டவர்கள்தாம் முதலில் தேவையற்றவர் ஆயினர்.

பிரிட்டிஷார் ரப்பர் விலையைக் கட்டுப்படுத்தியதைக் கண்டு சினந்த அமெரிக்க முதலாளிகள் தங்களுக்கென்றே தோட்டம் வைத்துக்கொள்ளவும் முயன்றனர். ஹார்வி பயர்ஸ்டன் 1926இல் லைபீரியாவுக்குச் சென்றார். போர்டு பிரேசிலின் அமேசான் காட்டில் ‘போர்ட்லாந்தியா’ என்றொரு நகரையே எழுப்பினார். இலைக்கருகல் நோய் அந்தத் தோட்டத்தை அழித்தது. 1945இல் அதனைக் கைவிட்டார். பால்மரம் பிறந்த மண்ணிலேயே அதனைத் தோட்டமாக வளர்க்க முடியாமற் போனது ஒரு விந்தைதான்.

1942இல் மலாயா ஜப்பானியர் வசமாயிற்று. பிரிட்டிஷ் படை சரணடைந்த இடம் சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் அப்போதுதான் கட்டி முடிக்கப்பட்டிருந்த போர்ட் கார்த் தொழிற்சாலை என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆயினும் பொருத்தமான தற்செயல். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அதே வேளையில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு உள்ளான பொருள் டயர். கடல்வழி அடைபட்டதால் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அந்நாடு மளமளவென்று கட்டியது. போர் முடிந்தபோது தோட்டத்துக்கு ஒரு நிரந்தரப் போட்டியாளன் தோன்றிவிட்டான்.

இந்தப் பின்னணியில் 1964ஐ மறுபடியும் நோக்க வேண்டும். மசல் கார்கள் கொடிகட்டிப் பறந்த 1964 முதல் 1971 வரையிலான காலம் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. அக்கார்களின் டயர்களில் பெரும்பங்கு செயற்கை ரப்பரே. 1960களின் தொடக்கத்திலேயே உலக அளவில் செயற்கை ரப்பரின் பயன்பாடு இயற்கை ரப்பரை முந்திவிட்டது. விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்க, நிறுவனங்கள் பால்மரத்தை வெட்டிச் செம்பனையை நடத் தொடங்கின. வெள்ளைக்காரத் துரைமார் பலர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போயினர். அத்துண்டாடலால் வீடிழந்தவர்களைக் காக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். ஆக, அமெரிக்க இளைஞன் டயரைக் கரித்துப் புகை கிளப்பி மகிழ்ந்த அதே ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளி தன் வேலை நிலைக்குமா என்று கலங்கிக் கொண்டிருந்தான்.

பிறகு நேர்ந்த திருப்பம் இன்னும் வியப்பானது. 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. இளைஞர்க்கான காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. எண்ணெயைக் குடித்த பெரிய இயந்திரங்களுக்கு அதுவே சாவுமணி. ஜி.டி.ஓ.வும் சேலஞ்சரும் 1974இல் நின்றன. மஸ்டாங் உடல் சுருங்கி வேறொரு காராயிற்று. ஆனால் எண்ணெய் விலை ஏறினால் எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பரின் விலையும் ஏறும் அல்லவா? போதாக்குறைக்கு, எரிபொருளைச் சேமிக்கும் ரேடியல் டயர்கள் அமெரிக்காவில் பரவின. பழைய டயரைவிட ரேடியல் டயருக்கு இயற்கை ரப்பர் கூடுதலாக வேண்டும். அதன் ஒட்டுந்திறனும் சூடு தாங்கும் இயல்பும் செயற்கைச் சரக்குக்கு அவ்வளவாக இல்லை. மசல் காரைச் சாய்த்த அதே நெருக்கடி பால்மரத்துக்கு ஆயுளை நீட்டித்தது. இந்த நீட்டிப்பால் நிறுவனங்கள் பெற்ற பயனும் தொழிலாளி பெற்ற பயனும் ஒரே அளவினதல்ல. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் மாதச் சம்பளத்துக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்ததே அதற்குச் சான்று.

அக்கார்களில் ஒன்றையேனும் தோட்டத்தார் பார்த்ததுண்டா? மிக அரிது. அவை இடப்பக்கம் அமர்ந்து ஓட்டும் கார்கள்; இந்நாட்டுச் சாலைக்கு ஒவ்வாதவை. துரைக்கு லேண்ட்ரோவர், கிராணியாருக்கு மோரிஸ் மைனர், தொழிலாளிக்கு மிதிவண்டி என்பதே நெடுங்கால வழக்கு. பினாங்கின் லோ பூன் சியூ 1958இல் ஹோண்டா மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்த பிறகு, ‘கப்சாய்’ எனப்பட்ட சிறுவண்டி மெல்ல மெல்லத் தோட்டத்துச் செம்மண் பாதையில் புகுந்தது. பால் வாளியையும் பள்ளிப்பிள்ளையையும் ஒருசேரச் சுமந்த வண்டி அது. அதன் பழைய வடிவத்தை ஹோண்டா 2018இல் ‘சூப்பர் கப் சி125’ என்று புதுப்பித்து, பழமை விரும்பிகளுக்கு உயர்ந்த விலையில் விற்கத் தொடங்கியது. ஏழையின் வண்டியும் ஒருநாள் நினைவுப் பொருளாகும்.

மசல் கார்களின் மறுபிறப்பு இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அறுபதுகளில் அக்கார்களை ஏக்கத்தோடு பார்த்த சிறுவர்கள் கையில் பணம் புரளும் நடுவயதினராகிவிட்டதை நிறுவனங்கள் கவனித்தன. 2004இல் ஜி.டி.ஓ.வின் பெயர் மீண்டது. ஆனால் அது ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்ட கார், வடிவம் பழையதை ஒத்திருக்கவில்லை, எனவே 2006க்குமேல் நிலைக்கவில்லை. அதே 2004இன் இறுதியில் வெளிவந்த புதிய மஸ்டாங் அறுபதுகளின் முகத்தை அப்படியே அணிந்து வந்து வென்றது. அதன் தலைமைப் பொறியாளர் ஹாவ் தாய்-தாங் வியட்நாமின் சைகோனில் பிறந்தவர். போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்த மஸ்டாங்கைச் சிறுவனாகக் கண்டு மயங்கியவர். சேலஞ்சர் 2008இலும் கமாரோ 2009இலும் திரும்பின. அமெரிக்கத் தசைவலிமையின் சின்னங்களாக விளம்பரம் செய்யப்பட்ட இவ்விரண்டும் அப்போது கனடாவில்தான் உருவாயின என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்லவில்லை.

தமிழ் மண்ணிலும் இத்தகைய மறுபிறப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் என்பீல்டு மோட்டார் சைக்கிளைச் சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் செய்யத் தொடங்கினர். 1970ஐ ஒட்டி மூல நிறுவனம் இங்கிலாந்தில் மடிந்தபோதும் சென்னைக் கிளை நின்றது. அறுபதுகளில் அமெரிக்கருக்கென்று இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘இன்டர்செப்டர்’ வண்டியை, 2018இல் சென்னை நிறுவனம் 650 சி.சி. இயந்திரத்தோடு மீட்டெடுத்தது. ஆயினும் அமெரிக்காவில் அப்பெயர் ஹோண்டாவுக்கு உரிமையாகிவிட்டதால், அங்கே ‘ஐ.என்.டி.650’ என்றே விற்க நேர்ந்தது. வடிவத்தைக் காப்பாற்றியவர்க்குப் பெயர் கிடைக்கவில்லை.

மஸ்டாங்கின் ஆறாவது தலைமுறை, 2015இல், முதன்முறையாக ஆலையிலேயே வலப்பக்க ஓட்டுநர் இருக்கையோடு உருவாயிற்று. பின்சக்கரங்களை மட்டும் சுழலவிட்டு டயரைப் புகைய வைப்பதற்கென்றே அதன் உயர்வகையில் ஒரு மின்னணு அமைப்பும் பொருத்தப்பட்டது. ஒரு மரம் நாள்கணக்கில் சுரந்ததைச் சில நொடிகளில் கரிக்கும் ஏற்பாடு. 2016இல் அந்தக் கார் முறைப்படி மலேசியாவுக்கு வந்தது. விலை நான்கு இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல். அதனை இறக்குமதி செய்து விற்ற நிறுவனம் சைம் டார்பி குழுமத்தைச் சேர்ந்தது. 1910இல் மலாக்காவில் தோன்றிய அதே சைம் டார்பிதான். கத்ரி, கோல்டன் ஹோப் என்னும் தோட்டப் பெருநிறுவனங்களோடு அது 2007இல் இணைந்ததால், போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவா பெத்தோங், தானா மேரா தோட்டங்களும் லாபுவும் அந்த ஒரே குடையின்கீழ் வந்திருந்தன. டயருக்குப் பால் கொடுத்த மண்ணும் அந்த டயரில் ஓடும் காரின் விற்பனையும் ஒரே முதலாளியின் கணக்கேட்டில் இருந்தன. தோட்டப் பிரிவும் நிலமேம்பாட்டுப் பிரிவும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது 2017இல். தோட்டப் பிரிவு 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது. 1821இல் சிங்கப்பூரில் வணிகம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியின் பெயர் இப்படியாக உயிர்பெற்றது.

ஆனால் அந்தத் தோட்டங்களில் பால்மரம் எங்கே? பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. செம்பனையும் இல்லாத இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. நாட்டில் எஞ்சியிருக்கும் ரப்பரில் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களுடையது. கையுறை ஆலைகளுக்காக மலேசியாவே வெளிநாட்டு ரப்பரை வாங்குகிறது. லயன் வீடுகளை விட்டு வெளியேறியவர்கள் சிரம்பான், செனவாங், நீலாய்ப் பகுதிகளின் அடுக்குமாடிகளிலும் மலிவுவிலை வீடுகளிலும் குடியேறினர். கோவில் சிலைகளைப் பலர் தம்மோடு எடுத்துச் சென்றனர்.

அமெரிக்காவில் மறுபிறவி எடுத்த கார்களிலும் சில மறைந்துவிட்டன. பெட்ரோல் இயந்திரம் கொண்ட சேலஞ்சரும் கமாரோவும் 2023 டிசம்பரில் நின்றன. 2024இல் சார்ஜர் மின்சாரக் காராக அறிமுகமானது. மஸ்டாங் பெட்ரோலில் தொடர்ந்தாலும், அதன் பெயரை நான்கு கதவுள்ள மின்சாரக் கார் ஒன்றுக்கும் போர்ட் நிறுவனம் 2019இலேயே சூட்டிவிட்டது; பழைய அன்பர்கள் முணுமுணுத்தனர். நெகிரி செம்பிலானில் நகர்ப்புற வீடுகளுக்கு நடுவே நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்னும் சொல் அப்படியே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் பால்மரத்தைப் பாடநூற் படத்தில் பார்த்தவர்கள்.